கரிஞ்சாவும் வெற்றுத்தாள் ஒப்பந்தமும்

1958ஆம் ஆண்டு ஸ்வீடனில் நடைபெறவிருந்த உலகக் கோப்பைக்காகப் பிரேசில் அணி ஆயத்தமானபோது, வீரர்களின் மனத்திட்பத்தை அளந்து சொல்வதற்கென்று ஓர் உளவியலாளர் அமர்த்தப்பட்டார். ஜோவாவ் கார்வாலயிஸ் என்பது அவர் பெயர். படம் வரையச் சொல்வது, வினாத்தாளை நிரப்பச் சொல்வது எனச் சில சோதனைகளை நடத்தி அவர் மதிப்பெண் இட்டார். வலது ஓர முன்கள வீரரான இருபத்து நான்கு வயது இளைஞர் 123க்கு 38 மதிப்பெண் பெற்றார். இத்தகைய பெரும் போட்டியில் இறக்கத் தகுந்த மனநிலை அவருக்கு இல்லை என்று அறிக்கை சொன்னது. பதினேழு வயதான இன்னொரு கறுப்பின இளைஞரைக் குழந்தைத்தனம் மிக்கவர், போராடும் குணமற்றவர் என்று அதே அறிக்கை ஒதுக்கியது. பதினேழு வயதுக்காரர் பெலே. 38 மதிப்பெண் பெற்றவர் மனுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சாந்தோஸ். உலகம் கரிஞ்சா என்று அறிந்தவர்.

தகுதி, திறமை என்னும் சொற்கள் யார் மீது எப்போது வீசப்படுகின்றன என்பதைத் தம் கல்விக்கூட வாசலிலேயே கற்றுக்கொண்ட வாசகர்களுக்கு இந்த மதிப்பெண் பட்டியல் வியப்பைத் தராது. ஆயினும் அது திடீரென முளைத்த ஒன்றன்று. 1950இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றபோது, அத்தோல்வியின் பழி முழுவதும் கோல்காப்பாளர் பார்போசா உள்ளிட்ட கறுப்பின வீரர்கள் மீதே சுமத்தப்பட்டது. கலப்பினத்தவருக்கும் கறுப்பினத்தவருக்கும் நெருக்கடியில் நெஞ்சுரம் இருக்காது என்ற கருத்து, நாளேடுகளிலும் அதிகாரிகளின் அறைகளிலும் அறிவியல் போலவே பேசப்பட்டு வந்தது. உளவியல் சோதனை அந்தப் பழைய கருத்துக்கு எண் வடிவம் கொடுத்தது, அவ்வளவே.

கரிஞ்சா பிறந்தது 1933 அக்டோபரில், ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் மாஜே வட்டாரத்தில் உள்ள பாவ் கிராண்டே என்னும் சிற்றூரில். ஊர் என்பதைவிட ஆலை என்பதே பொருந்தும். அமெரிக்கா ஃபாப்ரில் என்ற நெசவு நிறுவனம் அங்கே எல்லாமுமாக இருந்தது. தொழிலாளர் குடியிருந்த வீடுகள் நிறுவனத்துடையவை. கால்பந்து மைதானமும் நிறுவனத்தின் நிழலில்தான் இருந்தது. சங்கொலி கேட்டு எழுந்து சங்கொலி கேட்டு உறங்கிய ஊர் அது. தந்தை அமாரோ ஆலைக் காவலாளி. கரும்புச் சாராயமான கஷாசாவுக்கு அடிமைப்பட்டவர்.

அந்தக் குடும்பத்தின் வேர்கள் வடகிழக்குப் பிரேசிலின் ஃபுல்னியோ பழங்குடியினரிடமும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரிடமும் சென்று முடிகின்றன. வடகிழக்கில் ஏறக்குறைய எல்லாப் பழங்குடிகளும் தாய்மொழியைப் பறிகொடுத்துவிட்ட நிலையில், தம் மொழியை இன்றளவும் காத்து வைத்திருக்கும் மக்கள் ஃபுல்னியோக்கள். பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல். கரிஞ்சா பிறந்தபோது அதற்கு வயது நாற்பத்தைந்துதான். அடிமையாக வாழ்ந்தவர்கள் பலர் அப்போதும் உயிரோடிருந்தனர்.

கரிஞ்சா என்பது அப்பகுதியில் காணப்படும் ஒரு சின்னஞ்சிறு பழுப்பு நிறப் பறவையின் பெயர். தம்பியின் சிறிய உருவத்தைப் பார்த்து அக்காள் இட்ட பெயர் அது. பிறவியிலேயே அவருடைய கால்கள் இரண்டும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. ஒன்று உள்நோக்கியும் மற்றொன்று வெளிநோக்கியும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. மருத்துவம் பார்க்க வசதியுள்ள வீட்டில் பிறந்திருந்தால் அக்கால்கள் சிறுவயதிலேயே நேராக்கப்பட்டிருக்கலாம். அப்படி நேராகியிருந்தால் கால்பந்து வரலாறு எதை இழந்திருக்கும் என்று சிலர் சிலாகித்து எழுதுவதுண்டு. வறுமையை இப்படி அழகுபடுத்திப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கால்களின் விலையை அவர் பின்னாளில் கொடுக்க வேண்டியிருந்தது.

பதினான்கு வயதில் அவரும் ஆலைக்குள் நுழைந்தார். வேலையில் நாட்டமில்லை. பஞ்சுப் பொதிகளுக்கிடையே உறங்கிவிடுவார். ஒருமுறை வேலைநீக்கமும் செய்யப்பட்டார். ஆலை அணியான பாவ் கிராண்டே கிளப்புக்கு அவர் கால்கள் தேவைப்பட்டதால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். தொழிலாளியாக அவருக்கு மதிப்பில்லை, ஆட்டக்காரராக உண்டு என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

ரியோவின் பெரிய கிளப்புகளில் அவர் வாய்ப்புத் தேடிய கதைகளில் வர்க்கத்தின் முத்திரை பதிந்திருக்கிறது. வாஸ்கோ ட காமா கிளப்பில் காலணி கொண்டுவரவில்லை என்று திருப்பியனுப்பப்பட்டார். ஃபுளுமினென்ஸில் தேர்வு ஆட்டம் நீண்டுகொண்டே போனபோது, ஊருக்குச் செல்லும் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று பாதியில் கிளம்பிவிட்டார். தொலைவில் வாழும் ஆலைத் தொழிலாளிக்கு நகரத்தில் இரவு தங்க இடம் ஏது?

1953இல் பொடாஃபோகோ கிளப் அவரை அழைத்தது. தேர்வு ஆட்டத்தில் அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாந்தோஸ். நாட்டின் தலைசிறந்த இடது தற்காப்பு வீரர், தேசிய அணிக்காரர். வளைந்த கால்களுடன் வந்த கிராமத்து இளைஞன் அவருடைய கால்களுக்கிடையே பந்தைத் தட்டிவிட்டுக் கடந்து போனார். அவமானப்பட்டதாகக் கருதாமல், இவரை உடனே ஒப்பந்தம் செய்யுங்கள், எதிரணிக்கு விட்டுவிடாதீர்கள் என்று நிர்வாகத்தை வற்புறுத்தினார் நில்டன் சாந்தோஸ். பிறர் திறமையைக் கண்டு அஞ்சாத அந்த மனிதர் கரிஞ்சாவின் வாழ்நாள் தோழரானார். அவ்வாண்டு ஜூலையில் தம் முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்திலேயே கரிஞ்சா மூன்று கோல்கள் அடித்தார்.

அவருடைய ஆட்டத்தை விளக்குவது எளிது, தடுப்பதுதான் இயலாத காரியம். வலது ஓரத்தில் பந்தை நிறுத்திவிட்டுத் தற்காப்பாளர் முன் நிற்பார். உடலை இடப்பக்கம் சாய்ப்பார்; பந்து அசையாது. மீண்டும் சாய்ப்பார். எதிராளி ஏமாந்து நகர்ந்த கணத்தில் வலப்பக்கமாகப் பாய்வார். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம்தான். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எவராலும் தடுக்க முடியவில்லை. சில வேளைகளில் எதிராளியைக் கடந்த பிறகும் நின்று, அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, மறுபடியும் கடந்து செல்வார். மைதானம் சிரிப்பில் குலுங்கும். நாளெல்லாம் முதலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் பணிந்து நடந்த மக்கள் கூட்டம், தம்மைப் போன்ற ஒருவன் சட்டதிட்டமான தடுப்பு அரணை விளையாட்டாகக் கலைப்பதைப் பார்த்துச் சிரித்தது. மக்களின் மகிழ்ச்சி என்று அவருக்குப் பட்டம் வந்தது இவ்வாறுதான். 1957இல் ரியோ மாநிலப் பட்டத்தைப் பொடாஃபோகோ வென்றது. இறுதியாட்டத்தில் ஃபுளுமினென்ஸை 6–2 என வீழ்த்தியது.

ஸ்வீடனுக்குச் செல்லும் வழியில் இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்புடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில், கோல்காப்பாளரையும் கடந்த பின்னர் உடனே கோல் அடிக்காமல், ஓடிவந்த தற்காப்பாளர் ஒருவரையும் ஏமாற்றிவிட்டு, அதன் பிறகே பந்தை வலைக்குள் தள்ளினார் கரிஞ்சா. இது பொறுப்பின்மை என்று கருதப்பட்டது. முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் களமிறக்கப்படவில்லை. இங்கிலாந்துடன் கோலின்றி ஆட்டம் சமநிலையில் முடிந்தபின், சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில் வேறு வழியில்லாத நிலையில் கரிஞ்சாவும் பெலேயும் இறக்கப்பட்டனர்.

1958 ஜூன் 15, கோதன்பர்க். ஆட்டம் தொடங்கிய மூன்று நிமிடங்களுக்குள் கரிஞ்சா உதைத்த பந்து கம்பத்தில் மோதியது, பெலே உதைத்த பந்தும் கோல் சட்டத்தில் மோதியது, வாவா முதல் கோலை அடித்தார். அறிவியல் திட்டமிடலுக்குப் பெயர்பெற்றிருந்த சோவியத் அணி திகைத்து நின்றது. ஸ்வீடனுக்கு எதிரான இறுதியாட்டத்தில் வாவாவின் இரு கோல்களுக்கும் வலது ஓரத்திலிருந்து பந்தை அனுப்பியவர் கரிஞ்சா. 5–2 என்ற கணக்கில் பிரேசில் தன் முதல் உலகக் கோப்பையை வென்றது. கரிஞ்சாவும் பெலேயும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதேயில்லை: 40 ஆட்டங்கள், 36 வெற்றிகள், 4 சமநிலை. உளவியல் அறிக்கை அதன்பின் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. இத்தகைய அறிக்கைகள் தோற்றுப்போனதற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை.

இங்கே ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கரிஞ்சாவின் வாழ்வைப் பற்றிய பெரும்பாலான எழுத்துகள் மதுவையும் பெண்களையும் விரிவாகப் பேசிவிட்டு இதைப் போகிற போக்கில் தொட்டுச் செல்கின்றன. அந்நாளைய பிரேசிலில் பாஸி என்றொரு முறை இருந்தது. ஒரு வீரரின் பதிவு உரிமை கிளப்புக்கே சொந்தம். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்த உரிமை கிளப்பிடமே இருக்கும். கிளப் சம்மதிக்காமல் அவர் வேறெங்கும் ஆட முடியாது. ஆடாவிட்டால் வருமானம் கிடையாது. கடன் பத்திரம் இல்லாத கொத்தடிமை முறை என்று இதைச் சொல்லலாம். இம்முறை சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது 1998இல்தான். பெலே விளையாட்டுத் துறை அமைச்சராயிருந்த காலத்தில் உருவாகி, அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் அது.

இந்த முறைக்குள் கரிஞ்சா செய்தது இன்னும் கொடியது. ஒப்பந்தத் தாளில் தொகை எழுதப்படும் முன்பே அவர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார். கிளப் நிர்வாகம் பிறகு தனக்கு ஏற்ற எண்ணை நிரப்பிக்கொள்ளும். அவரைக் காட்டித்தான் பொடாஃபோகோ வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்களுக்குக் கட்டணம் பேசியது. அவர் ஆடாவிட்டால் அக்கட்டணம் குறையும். ஆனால் அவரைவிடக் குறைந்த புகழ்கொண்ட சக வீரர்கள் அவரைவிட அதிகம் ஊதியம் பெற்றனர்.

இந்தச் சுரண்டலுக்குத் துணைநின்றது ஒரு கதைத் தொகுதி. கரிஞ்சா ஒரு குழந்தை, பறவை, காட்டு மனிதன், பணத்தின் அருமை அறியாதவர், எதிரணி எதுவென்றும் தெரியாமல் ஆடுபவர் என்று நூறு வேடிக்கைக் கதைகள் நாளேடுகளில் வந்தன. ஸ்வீடனில் வாங்கிய வானொலிப் பெட்டி ஸ்வீடிஷ் மொழிதான் பேசும் என்று தோழர்கள் சொல்ல, அதை நம்பி விற்றுவிட்டார் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. இக்கதைகளுள் பலவற்றை விளையாட்டுச் செய்தியாளர் சாந்த்ரோ மொரேரா புனைந்தார் என்பது பின்னாளில் வெளியானது. அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். அவர் கரிஞ்சாவின் நண்பர். ஆனால் அறியாமையின் அழகு என்று ஒன்றைக் கட்டியெழுப்பிய பிறகு, அந்த அறியாதவரிடமிருந்து எடுத்துக்கொள்வது திருட்டாகத் தோன்றுவதில்லை. பழங்குடியினரின் காடுகளும் நிலங்களும் பறிக்கப்பட்ட வரலாற்றில் இதே உத்தியை நாம் பார்த்திருக்கிறோம்.

1962 உலகக் கோப்பை சிலியில் நடந்தது. இரண்டாம் ஆட்டத்திலேயே பெலே காயமடைந்து வெளியேறினார். அதன்பின் அந்தப் போட்டி கரிஞ்சாவுடையதாயிற்று. வலது ஓரத்தை விட்டு நடுவுக்கும் வந்தார், தலையால் கோல் அடித்தார், தொலைவிலிருந்து உதைத்தார், இடக்காலையும் பயன்படுத்தினார். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள். அரையிறுதியில் சொந்த மண்ணில் ஆடிய சிலிக்கு எதிராக மேலும் இரண்டு. ஆட்டம் முழுதும் உதைபட்டவர், ஒருமுறை திருப்பி உதைத்தார், வெளியேற்றப்பட்டார். இறுதியாட்டத்தில் ஆட முடியாத நிலை. அப்போது பிரேசில் அரசே தலையிட்டது. சம்பவத்தை நேரில் கண்ட துணை நடுவர் நாட்டைவிட்டே போயிருந்தார். கரிஞ்சா காய்ச்சலோடு இறுதியாட்டத்தில் ஆடினார். செக்கோஸ்லோவாக்கியாவை 3–1 என வென்று பிரேசில் கோப்பையைத் தக்கவைத்தது. அந்தப் போட்டியின் சிறந்த வீரர் அவரே. தேவைப்படும்போது ஓர் அரசு எவ்வளவு விரைவாக ஓர் ஏழைக்காக இயங்கும் என்பதற்கு இது சான்று; தேவை தீர்ந்தபின் நடந்தது வேறு.

அவ்வாண்டு டிசம்பரில் ஃபிளமெங்கோவை 3–0 என வீழ்த்திப் பொடாஃபோகோ மாநிலப் பட்டம் வென்ற ஆட்டமே அவர் உச்சத்தில் நின்ற கடைசித் தருணம். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது.

முழங்கால்கள் தேய்ந்துகொண்டிருந்தன. இயல்பிலேயே கோணலான மூட்டுகள் மீது ஆண்டுதோறும் திருப்பலும் பாய்ச்சலுமாக விழுந்த சுமை குருத்தெலும்பை அரித்திருந்தது. ஓய்வும் அறுவை சிகிச்சையும் தேவைப்பட்ட வேளையில், ஊசி போட்டு வலியை மரத்துப்போகச் செய்து அவரை ஆட வைத்தார்கள். வீங்கிய மூட்டிலிருந்து நீரை எடுப்பார்கள், மறுநாள் மைதானம். ஊதிய உயர்வு கேட்டபோது சண்டைக்காரராகவும் சோம்பேறியாகவும் சித்திரிக்கப்பட்டார். குழந்தை என்று கொஞ்சியவர்களே இதைச் செய்தார்கள். ஒருவழியாக 1964இல் அறுவை சிகிச்சை நடந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

இதே ஆண்டுகளில்தான் எல்சா சோரெஸ் அவருடைய வாழ்வில் வந்தார். ரியோவின் குடிசைப் பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோதே மணம் முடித்து வைக்கப்பட்டவர். பிள்ளைகளைப் பசிக்குப் பறிகொடுத்தவர். சாம்பா பாடகியாகத் தம் குரலாலேயே மேலெழுந்து வந்தவர். கரிஞ்சாவுக்கு அப்போது மனைவி இருந்தார்: அதே ஆலையில் வேலை செய்த நாயிர். அவர்களுக்கு எட்டுப் பெண் பிள்ளைகள். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் கைவிடப்பட்டது உண்மை. அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் அதற்காக நாடு தண்டித்தது கரிஞ்சாவை அன்று, எல்சாவை. குடும்பத்தைக் கெடுத்தவள், வீரனின் பணத்தை உறிஞ்சுபவள், அவன் காலை முடக்கியவள் என்று வசைகள் பொழிந்தன. உண்மையில் அக்காலத்தில் வீட்டுச் செலவைத் தாங்கியது பெரிதும் எல்சாவின் பாட்டு வருமானமே. கிளப் நிர்வாகிகள் ஊசியால் சிதைத்த முழங்காலுக்கான பழியும் ஒரு கறுப்பினப் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் ஆயுதமேந்தியோர் அவர்கள் வீட்டுக்குள் புகுந்தனர். 1970இல் வீட்டின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். இரண்டு உலகக் கோப்பைகளை வென்று தந்தவர் ரோமில் பிரேசில் காப்பி நிறுவனத்துக்காக விளம்பர முகமாக நின்றார்.

மைதானத்தில் அவருடைய இறங்குமுகம் நீண்டது. 1966இல் பொடாஃபோகோ அவரைச் சாவோ பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் கிளப்புக்கு விற்றது. அவ்வாண்டு உலகக் கோப்பைக்கும் அழைக்கப்பட்டார். ஆடும் நிலையில் இருந்ததனாலன்று, அந்தப் பெயர் இல்லாமல் போக அதிகாரிகளுக்குத் துணிவில்லாததால் என்றே தோன்றுகிறது. லிவர்பூல் நகரில் பல்கேரியாவுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் அடித்தார். அடுத்து ஹங்கேரியிடம் 1–3 தோல்வி. தேசிய அணிக்காக ஆடிய ஐம்பதாவது ஆட்டம் அது, கடைசி ஆட்டம், அவர் தோற்ற ஒரே ஆட்டமும் அதுவே. பின்னர் ஃபிளமெங்கோ, கொலம்பியாவில் ஓர் ஆட்டம், 1972இல் ஒலாரியா என்னும் சிறு கிளப் என்று பெயர்கள் சிறுத்துக்கொண்டே போயின.

குடி தந்தையிடமிருந்து வந்த நோய். ஆலைக் குடியிருப்புகளில் கஷாசா உணவைவிட மலிவாகக் கிடைத்த பொருள். இதைச் சொல்வதால் அவர் செய்தவை இல்லாமல் போய்விடா. 1969இல் அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாயார் உயிரிழந்தார். எத்தனையோ முறை அவரைக் குடியிலிருந்து மீட்க முயன்ற எல்சாவை அவர் அடித்தார். 1977இல் எல்சா பிரிந்து சென்றார். ஒடுக்கப்பட்ட சமூகத்து நாயகர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் வீட்டுப் பெண்கள் பட்ட துயரத்தைப் பின்குறிப்பாக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. நாயிரும் எல்சாவும் பின்குறிப்புகள் அல்லர்.

1973 டிசம்பரில் மரக்கானாவில் அவருக்காகப் பிரியாவிடை ஆட்டம் நடத்தப்பட்டது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள், பெலேயும் ஆடினார். ஆட்டத்தின் நடுவே கரிஞ்சா மைதானத்தைச் சுற்றி ஓடி விடைபெற்றார். வசூலில் ஒரு பங்கு அவருக்கும் குடும்பத்தாருக்கும் கிடைத்தது, நெடுநாள் நிலைக்கவில்லை. 1980 கார்னிவலில் மங்கேரா சாம்பா பள்ளி அவரை அலங்கார வண்டியில் ஏற்றி ஊர்வலம் அழைத்துச் சென்றது. மருந்தின் மயக்கத்தில், எங்கிருக்கிறோம் என்றறியாதவர் போல் அவர் அமர்ந்திருந்த காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. ஒரு மனிதரைக் கொண்டாடுவதாக எண்ணிக்கொண்டு அவருடைய சிதைவைக் காட்சிக்கு வைத்த அந்த இரவைப் பற்றி இன்றும் பிரேசிலியர் சங்கடத்தோடே பேசுகிறார்கள்.

1983 ஜனவரி 20ஆம் நாள், கல்லீரல் சிதைந்து, நினைவிழந்த நிலையில், ரியோவின் மருத்துவமனை ஒன்றில் கரிஞ்சா இறந்தார். வயது நாற்பத்தொன்பது. உடல் மரக்கானாவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அங்கிருந்து பாவ் கிராண்டேவுக்குச் சென்ற வழியெங்கும் ஆலைத் தொழிலாளர்களும் சேரிவாசிகளும் சாலையோரங்களில் திரண்டு நின்றனர். ஊருக்கு அருகே, ரையிஸ் ட செர்ரா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

தலைநகர் பிரசிலியாவின் தேசிய மைதானம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக அது இடித்துக் கட்டப்பட்டபோது, அப்போட்டிக்கான மைதானங்களிலேயே மிக அதிகச் செலவு பிடித்தது அதுதான். செலவுக் கணக்கில் ஊழல் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. மூன்றாண்டுகள் கழித்து, 2017இல், அவருடைய கல்லறையைச் சீரமைக்க மாஜே நகராட்சி முற்பட்டபோது, எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. அவற்றை எடுத்து வேறிடத்தில் வைத்ததாக ஒரு பேச்சு. அதற்கான பதிவேடு கிடைக்கவில்லை.

எல்சா சோரெஸ் நெடுங்காலம் வாழ்ந்தார். கரிஞ்சாவுடன் பெற்ற ஒரே மகனை 1986இல் விபத்தில் இழந்தார். எண்பத்தைந்தாம் வயதில் கறுப்பினப் பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிப் பாடி ஒரு புதிய தலைமுறையின் குரலானார். 2022 ஜனவரி 20ஆம் நாள், கரிஞ்சா இறந்து சரியாக முப்பத்தொன்பது ஆண்டுகள் நிறைந்த அன்று, தம் தொண்ணூற்றொன்றாம் வயதில், ரியோவில் தம் வீட்டில் காலமானார்.